இரண்டு டம்ளர் கசாயம்

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யார் யாரோ என்று நீங்கள் குழம்பக் கூடாது. நான் ஒன்று. என் சம்சாரம் சம்பூரணம் இரண்டு. அவளுடைய தம்பி தெய்வசிகாமணி மூன்று. லாரிப் பட்டறை லோகநாதன் நான்கு, அவர் சம்சாரம் கமலவேணி ஐந்து. செல்போனில் படம் பிடிக்க வந்த ஒரு மீசைக்காரர் ஆறு, அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. ஏழாவது, தபாலாபீசில் ஓய்வு பெற்ற அருணாசலம். அவருக்கு இயற்கை மருத்துவமும் தெரியாது, இங்கிலீஷ் மருத்துவமும் தெரியாது. தினை உருண்டை கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர். நாற்காலி ஆறுதான் இருந்தது. நான் நின்றேன். ஆறு பேர் நடுவில் உட்காருவதைவிட எனக்கு நிற்பது சுலபம்.

உங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு என்ன நம்பர்? நாற்பத்தொன்றா? என்னுடையது முப்பத்தெட்டு. உள்ளே இருப்பது இருபத்திரண்டு. ஒருவருக்கு ஆறு நிமிடம் ஆகிறது, வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் இன்னும் பதினைந்து பேர், ஒன்றரை மணி நேரம். ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு ஒன்றுமில்லை. சீட்டில் என் பெயர் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். பெயர் சொல்லாமல் சீட்டு தர மாட்டோம் என்றார்கள், சொன்னேன்.

நான் முப்பத்தொரு வருடம் கோழிப் பண்ணையில் முட்டைக் கணக்குப் பார்த்தவன். படிப்பு எட்டாவது. ஒரு அட்டைக்கு முப்பது முட்டை. அட்டையில் இருபத்தொன்பதுதான் இருந்தது என்று ஒரு வியாபாரியும் திரும்பி வந்ததில்லை. மே முப்பத்தொன்றாம் தேதி முதலாளி ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கடிகாரம். மூன்றும் மூன்று நேரம் காட்டின. மூன்றையும் ஒரே நொடிக்குக் கொண்டுவர எனக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் சம்பூரணம் ஒன்றும் சொல்லவில்லை. பொறுமைசாலி.

ஜூலை ஆறாம் தேதி அவளுக்குப் படபடப்பு ஆரம்பித்தது. சரியாக முப்பத்தாறு நாள் கழித்து. எதற்குக் கழித்து என்கிறீர்களா? நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்ததற்குக் கழித்து. தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள அது எனக்கு வசதி, அவ்வளவுதான்.

நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பாள். கை வேர்க்கும். சும்மா உட்கார்ந்திருப்பவள் திடீரென்று எழுந்து வாசலுக்குப் போய் நிற்பாள். நான் தனியே விடவில்லை. கூடவே இருந்தேன். அவள் சமைத்தால் நானும் சமையலறையில். அவள் துணி உலர்த்தினால் நானும் மாடியில், கிளிப்பு எண்ணிக்கொண்டு. இருபத்துநான்கு கிளிப்பு, ஒன்று உடைந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டும் அவளுக்குக் குறையவில்லை என்றால் பாருங்கள்.

ராத்திரியிலும் நான்தான் எல்லாம். படுக்கும் முன் முன்கதவு, பின்கதவு, காஸ் திருகு, மூன்றையும் ஏழு தடவை பார்ப்பேன். ஏழாவது தடவை பார்த்து வந்து படுத்த பிறகு ஒரு சந்தேகம் வரும். அப்போது மட்டும் அவளை எழுப்பி, "நான் பூட்டுனத நீ பாத்தயா?" என்று கேட்பேன். ஒரு இரவில் நான்கு தடவைக்கு மேல் எழுப்பினதே இல்லை. அவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

முதலில் வந்த வைத்தியர் தெய்வசிகாமணி. வைத்தியர் என்றால் அவர் போர்வெல் வண்டிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி நல்ல வாய். இரண்டு வருடமாக இயற்கைக்கு மாறிவிட்டார். செல்போனில் ஒரு குழு வைத்திருக்கிறார், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு செம்புக் குடத்தின் படம் அனுப்புவார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

"அக்கா, நீ வெறுங்காலோட புல்லு மேல நட. பூமி உன்ற படபடப்ப இழுத்துக்கும்" என்றார்.

எங்கள் ஊரில் ஜூலை மாதம் புல்லு எங்கே இருக்கிறது? பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நாலு சாண் அகலத்துக்கு இருக்கிறது. அதில் அவளை நடக்கவிட்டேன். அந்தப் பக்கம் பதினோரு எட்டு, இந்தப் பக்கம் பதினோரு எட்டு. பூமி படபடப்பை இழுத்துக்கொண்டதோ என்னவோ, பஞ்சாயத்துத் தலைவர் பார்த்துவிட்டு மனு கொடுக்க வந்தீர்களா என்று கேட்டார்.

பிறகு சீரகத் தண்ணீர். பிறகு தலைக்கு எண்ணெய். பிறகு மூச்சு. நாலு எண்ணும்வரை இழு, ஏழு எண்ணும்வரை பிடி, எட்டு எண்ணும்வரை விடு. இது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணினேன். மூன்றாம் நாள் அவள், "ஏனுங்க, நீங்க எண்ணாம இருந்தா நான் மூச்சு விட்டுக்குவனுங்க" என்றாள்.

ஆகஸ்டு முடிவில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தோம். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்லி, மனசுக்குப் பார்க்கிற இந்த அறைக்குப் போகச் சொன்னார்கள், செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பார்ப்பார்களாம். இதோ இந்தப் பெஞ்சில்தான் அன்றைக்கும் உட்கார்ந்தோம். அதோ சுவரில் எழுதியிருக்கிறதே, 'மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று, அதன் கீழே மூன்று மின்விசிறி. ஒன்று சுற்றுகிறது. மற்ற இரண்டும் மனதை லேசாக வைத்திருக்கின்றன.

டாக்டரம்மா சின்னப் பெண். சம்பூரணத்திடம் பத்து நிமிடம் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, உங்களுக்குத் தூக்கம் எப்படி?" என்றார்.

"நான் நல்லாத் தூங்குவனுங்க. ராத்திரிக்கு நாலு தடவதான் எந்திரிப்பேன்."

"எதுக்கு?"

"பாக்கறதுக்குங்க."

"என்னத்த?"

"பூட்டுன கதவதானுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நீங்களும் ஒரு நாள் வந்து என்கிட்டப் பேசணும்" என்றார். யார் நோயாளி என்றே தெரியவில்லை பாவம், அத்தனை கூட்டம்.

முப்பது மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளை, சின்னது, நடுவில் ஒரு கோடு. இரவில் ஒன்று. நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். அவள் விழுங்கினதும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னேன். கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறாளா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். முதல் நாள் காட்டினாள். இரண்டாம் நாளும் காட்டினாள். மூன்றாம் நாள் வாயைத் திறந்துகொண்டே அழுதாள்.

"நான் என்ன உங்க பண்ணைக் கோழியா?"

தலை பாரமாக இருக்கிறது என்றும் சொன்னாள். தம்பிக்குப் போன் போட்டாள். அவர் மறுநாள் காலையிலேயே வண்டியோடு வந்து நின்றார்.

"மச்சான், அது வெசமுங்க. நரம்பத் தூங்க வெக்கற வெசம். அக்கா கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும்."

"டாக்டர் குடுத்ததுங்க மாப்ள. வெசமுன்னு நீங்க எதுல பாத்தீங்?"

"குழுவுல ஒருத்தர் போட்டிருந்தாருங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அங்கே நன்றாகத் தூங்கினாளாம். தெய்வசிகாமணி அதைத் தன் கசாயத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார். எனக்கு அது காற்றோட்டம் என்று தோன்றியது. அவர்கள் வீடு கிழக்குப் பார்த்தது.

இங்கே நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். கதவைப் பூட்டினதை நீ பார்த்தாயா என்று கேட்க ஆளில்லாத வீடு என்ன வீடு? ஒரு நாள் ராத்திரி இருபத்தாறு தடவை பார்த்தேன். இருபத்தேழாவது தடவை போகும்போது பால்காரர் வந்து பூட்டைத் தட்டினார். உப்புமா கிண்டினேன், இரண்டு பேருக்குக் கிண்டினேன், இரண்டு பேருக்கும் நானே சாப்பிட்டேன். சரி, அது போகட்டும்.

பதின்மூன்றாம் நாள் புதன்கிழமை திரும்பி வந்தாள். வாசல்படியில் நின்றபடி சொன்னாள்: "இங்க பாருங்க. இனி இந்த வீட்டுல மாத்திரைன்னு ஒண்ணு என்ற கண்ணுல பட்டுச்சுன்னா நான் போயிருவேன். அப்பறம் நீங்க வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன். சொல்லிப்போட்டேன்." நாற்பது வருடத்தில் அவள் இப்படிப் பேசினதில்லை. சொன்னால் செய்கிறவள். அதனால்தான் எனக்குப் பயம்.

மாத்திரை மீதி இருபத்தேழு. தூக்கிப் போடச் சொல்கிறீர்களா? டாக்டர் முப்பது நாள் என்றால் முப்பது நாள். ஆனால் அவள் கண்ணில் படக் கூடாது. என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் என் முப்பத்தொரு வருட அனுபவம் உதவியது. பண்ணையில் கோழிக்குச் சீக்கு வந்தால் நாற்பதாயிரம் கோழியையும் பிடித்து அலகைத் திறந்து மருந்து ஊற்றுவோமா? குடிக்கிற தண்ணீரில் கலந்துவிடுவோம். கோழி தன் பாட்டுக்குக் குடிக்கும், தன் பாட்டுக்குக் குணமாகும், தன் பாட்டுக்கு முட்டையிடும். எந்தக் கோழியும் இதுவரை என் முகத்தைப் பார்த்து என்னை ஏமாற்றிவிட்டாயே என்று கேட்டதில்லை.

தம்பி வீட்டிலிருந்து அவள் கசாயப் பொடி கொண்டுவந்திருந்தாள். அமுக்கராக் கிழங்கு, வல்லாரை, சடாமாஞ்சில், இன்னும் என்னென்னவோ. மாட்டுத் தொட்டியைக் கழுவின வாசம். அந்தக் கசப்பில் ஒரு மாத்திரை என்ன, ஒரு செங்கல்லைக் கரைத்தாலும் தெரியாது. ஒரே ஒரு தொந்தரவு. "நான் மட்டும் எதுக்குங்க கசப்பக் குடிக்கோணும், நீங்களும் குடிங்க" என்றாள். குடித்தேன். எனக்கு எதற்கு? இருந்தாலும் துணைக்குக் குடித்தேன்.

எங்கள் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டம்ளர் இரண்டு உண்டு. ஒன்றில் அவள் பெயர் வெட்டியிருக்கும், ஒன்றில் என் பெயர். அவள் காய்ச்சி வடிகட்டி வைத்துவிட்டுப் பாய் போடப் போவாள். ஊற்றுவது என் வேலை, இரண்டிலும் ஒரே அளவு. மாத்திரையைக் கரண்டியின் பின்புறத்தால் நுணுக்கி அவள் பெயர் வெட்டின டம்ளரில் போட்டுக் கலக்குவேன். ஆறட்டும் என்று மேடையில் வைத்துவிட்டுப் பூட்டுகளைப் பார்க்கப் போவேன். திரும்பி வந்ததும் அவரவர் பெயர் பார்த்து எடுத்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து குடிப்போம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருந்தது என்று அவளே ஒரு நாள் சொன்னாள்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பண்ணையில் முட்டையை எண்ணுவோம். இங்கே நான் அவள் ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறாள் என்று எண்ணி நோட்டில் எழுதினேன். முதல் இரவு ஒன்பது. பத்தாவது இரவு ஏழு. இருபதாவது இரவு நான்கு. முப்பதாவது இரவு ஒன்று. அதற்குப் பிறகு எல்லாம் பூஜ்யம். பூஜ்யத்தை மட்டும் காலையில் எழுந்துதான் எழுதினேன், ராத்திரியில் எனக்கு அசதியாக இருந்தது. படுத்தால் விடிந்துவிடும்.

அவளுக்குக் குணமாகக் குணமாக எனக்கும் வேலை குறைந்தது. நியாயம்தானே? மனசு நிம்மதியாக இருந்தால் எதற்கு ஏழு தடவை? ஐந்தாகியது, பிறகு மூன்று, பிறகு ஒன்று. அவளை எழுப்பிக் கேட்கவும் மறந்துபோகும். கிளிப்பு எண்ணுவதையும் விட்டுவிட்டேன், உடைந்ததற்குப் பதில் அவள் புதிது வாங்கினாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. பாருங்கள், ஒருத்திக்கு மருந்து கொடுத்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு நன்மை!

இருபத்தேழு மாத்திரையும் ஒரு திங்கள்கிழமை இரவோடு தீர்ந்தது. மறுநாள் செவ்வாய், விடியற்காலையிலேயே இங்கே வந்து நின்றேன். சம்பூரணத்துக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். முப்பத்தொரு வருட வேலையில் நான் சொல்லாத பொய். "இந்த ஒரு தடவைதான். அடுத்த தடவை அவங்கள நேர்ல பாக்காம தர மாட்டேன்" என்று முப்பது கொடுத்தார்.

இதற்குள் தெய்வசிகாமணி தன் அக்கா குணமான கதையைக் குழுவில் எழுதிவிட்டார். ஒன்பது பாகமாக எழுதினார். ஒன்பதாம் பாகத்தில் அக்கா பிறந்த குழந்தை மாதிரி தூங்குகிறாள் என்று முடித்திருந்தார். என் பெயர் ஒரே இடத்தில் வருகிறது, நான்காம் பாகத்தில், 'அறியாமையில் இருந்த அவரது கணவர்' என்று. பரவாயில்லை. பெயரைப் போடவில்லையே.

அதைப் படித்துவிட்டுத்தான் கமலவேணி வந்தது. அதுதான் நான் முதலில் சொன்ன அந்த நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்துநான்கு வயது இருக்கும். இரண்டாவது பிரசவத்திலிருந்து நாலு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறது. சாப்பிடுகிற வரை வீடு, வாசல், சமையல், சிரிப்பு எல்லாம் உண்டு. ஒரு தடவை யாரோ சொன்னார்கள் என்று ஒரு வாரம் நிறுத்தினதில், பச்சைக் குழந்தையைத் தொட மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டதாம். இதை லோகநாதனே சொன்னார், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. மறுக்கா அப்பிடி ஆயிருச்சுன்னா நான் என்ன பண்றது?"

"லோகு, உங்களுக்கு நம்பிக்கை பத்தல" என்றார் தெய்வசிகாமணி. "என்ற அக்காளப் பாருங்க. சாட்சி கண்ணு முன்னால உக்காந்திருக்குது."

எல்லோரும் சாட்சியைப் பார்த்தோம். சாட்சி தினை உருண்டைத் தட்டை அருணாசலத்திடம் நீட்டிக்கொண்டிருந்தது.

கமலவேணி, "அக்காளுக்கே நல்லாயிருச்சுன்னா எனக்கும் ஆகாதுங்களா? எத்தன வருசத்துக்குத்தான் இத முழுங்கறது?" என்று கேட்டது. மடியில் மஞ்சள் பை. பை நிறைய மாத்திரை.

குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர் தன் மாத்திரையை எல்லாம் சாணித் தண்ணீர் வாளியில் தன் கையாலேயே போட வேண்டும். அதைப் படம் பிடித்து இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்புவார்கள். சாணித் தண்ணீர் ஏன் என்றால், பிறகு மனசு மாறி எடுத்துச் சாப்பிட முடியாது. அந்த அளவுக்குத் தொலைநோக்கு. வாளி எங்கள் வீட்டுடையது. மீசைக்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். முன்கூட்டியே, "அம்மா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி போடுங்க" என்றார்.

கமலவேணி பையைப் பிரித்து ஒவ்வொரு அட்டையாக எடுத்து முக்காலியில் வைத்தது. எண்ணும்படி ஒன்று கண் முன்னால் வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. பத்து மாத்திரை அட்டை பதினொன்று. அதில் ஒன்றில் மூன்று குறைவு. நூற்றேழு.

நூற்றேழும் வாளிக்குள் போகப் போகிறது. எதை நம்பி? சம்பூரணத்தை நம்பி. சம்பூரணம் எதில் குணமானாள்? கசாயத்தில் என்று ஒன்பது பாகம் எழுதியிருக்கிறது. கசாயத்தில் நான் கலந்தது நாற்பத்தாறு மாத்திரை. அப்படியானால் இந்தக் கணக்குத் தப்பு. தப்புக் கணக்கு என் வீட்டு வாசல் வழியாக வெளியே போகிறது.

எனக்கு இரக்கம், கருணை என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தப்புக் கணக்கோடு ஒரு அட்டையை நான் அனுப்பினதில்லை. அதே சமயம், வாயைத் திறந்தால் சம்பூரணம் பையை எடுத்துவிடுவாள். அலமாரி மேல் அந்தப் பை, நிற்கிற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. திரும்பவும் பன்னிரண்டு நாளா? இந்தத் தடவை பன்னிரண்டோடு நிற்காது.

கமலவேணி முதல் அட்டையை எடுத்தது.

"போடாதீங்க அம்மிணி" என்றேன்.

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். செல்போனும் திரும்பியது. நான் ஆறு பேருக்கு முன்னால் பேசினது என் கல்யாணத்தில்தான், அதுவும் பெயர் கேட்டார்கள்.

"அந்தக் கசாயத்துல மாத்திரை இருந்துச்சுங்க" என்றேன். "டாக்டரம்மா குடுத்த மாத்திரை. தெனமும் ஒண்ணு. நாந்தான் நுணுக்கிக் கலந்தேன். நேத்து ராத்திரியோட நாப்பத்தாறு."

தெய்வசிகாமணி சிரித்தார். "மச்சான், வெளையாடாதீங்க. படம் ஓடிட்டிருக்குது."

"வெளையாடலீங்க மாப்ள."

அவர் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல். அருணாசலம் மெல்லுவதை நிறுத்தினார். நான் சம்பூரணத்தைப் பார்க்கவில்லை. அலமாரியைத்தான் பார்த்தேன்.

சம்பூரணம் தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னக்கா தெரியும்?"

"நாலாம் நாளே தெரியும். முந்தின நாள் குடிச்ச டம்ளரு அடியில வெள்ள வெள்ளையா ஒட்டிட்டு இருந்துது. என்ற பேரு போட்ட டம்ளருல மட்டும்." அவள் தன் தம்பியிடம் பேசினாள், என் பக்கம் திரும்பவில்லை. "அன்னிக்கே பையை எடுக்கோணும்னுதான் பாத்தேன். இவரு பூட்டப் பாக்கப் போயிருந்தாரு. சரி, வரட்டும், கேட்டுப்போட்டுப் போலாம்னு நின்னேன். ஏழு தடவ பாக்கற மனுசன் எப்ப வாரது? சும்மா நின்னதுக்கு, என்றத அவரு டம்ளருலயும் அவருத என்றதுலயும் மாத்தி ஊத்தி வெச்சுப்போட்டேன்."

"அன்னிக்கு மட்டுமாக்கா?"

"தெனமும்."

நான் கணக்குப் போட்டேன். நாற்பத்தாறில் மூன்று போனால் நாற்பத்துமூன்று.

"முந்தியெல்லாம் ஏழு தடவ போவாரு. நான் நிதானமா மாத்துவேன், டம்ளரக் கழுவியே மாத்துவேன்" என்றாள். "இப்ப ஒரு தடவதான் போறாரு. ஊத்தறதுக்குள்ள வந்தர்றாரு. ரெண்டு நாளா மேடையெல்லாம் சிந்தி, கை சுட்டுப்போச்சு."

முதலில் சிரித்தது லோகநாதன். பிறகு கமலவேணி. மீசைக்காரர் சிரித்ததில் செல்போன் ஆடியது. எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு பெண்ணின் கை சுட்டிருக்கிறது.

தெய்வசிகாமணிக்கு மட்டும் சட்டென்று முகம் தெளிந்தது. போர்வெல் ஆள் அல்லவா, எங்கே குத்தினாலும் தண்ணீர் பார்த்துவிடுவார். "அப்பறமென்னங்க! அக்கா குடிச்சது சுத்தமான கசாயந்தான? மாத்திரையே இல்லாமத்தான அக்காளுக்கு நல்லாச்சு? கமலவேணி, நீங்க தைரியமாப் போடுங்க!"

"டேய்" என்றாள் சம்பூரணம். தம்பியை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "உன்ற கசாயத்துல எனக்கு வந்தது ஏப்பந்தான். இந்த மனுசன் ராத்திரி என்னைய எழுப்பறத நிறுத்துனாரு. நான் தூங்குனேன். தூங்குனா நெஞ்சு எதுக்கு அடிக்குது? பன்னெண்டு நாளு உங்க வீட்டுல தூங்குனனே, அதுவும் அதுதான்." பிறகு கமலவேணி கையிலிருந்த அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டாள். "எனக்கு மாத்திரை வேண்டியிருக்கல. வேண்டியிருந்தவரு தின்னாரு, மாறிட்டாரு. உனக்கு வேணுமா வேண்டாமான்னு இவன் சொல்லக் கூடாது, நானுஞ் சொல்லக் கூடாது. உன்னையப் பாக்கற டாக்டரக் கேளு கண்ணு. கேக்காம ஒண்ணையும் நிறுத்தாத. புள்ள இருக்குதில்ல?"

கமலவேணி தலையை ஆட்டியது. நூற்றேழும் திரும்ப மஞ்சள் பைக்குள் போனதை நானே நின்று பார்த்தேன். லோகநாதன் பையைச் சம்சாரத்திடம் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் வெளியே போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கியதோடு சரி. அதுவும் நல்லதுதான், எனக்குக் கூச்சம்.

தெய்வசிகாமணி இப்போது எங்களோடு பேசுவதில்லை. குழுவில் பத்தாம் பாகம் வரவில்லை. படத்தை அழித்துவிட்டார்கள் என்று அருணாசலம் சொன்னார். வாளிச் சாணித் தண்ணீரை வாசலில் தெளித்தோம்.

எல்லோரும் போன பிறகு சம்பூரணம் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அலமாரி மேலிருந்த பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்னைய ஏமாத்துனீங்க. நான் உங்கள ஏமாத்துனேன். சரியாப்போச்சு. இனி ஏமாத்தி வேண்டாம். தெரிஞ்சே போட்டுக்கிறீங்களா, நான் போகட்டுமா?"

"எனக்கு எதுக்கு சம்பூரணம்? எனக்கு என்ன சீக்கு?"

அவள் எழுந்து பைக்குள் ஒரு சேலையை மடித்து வைத்தாள். இரண்டாவது சேலையை எடுக்கும்போது, "சரி" என்றேன்.

அவளுடைய மன நிம்மதிக்காகத்தான் போட்டுக்கொள்கிறேன். நீங்களே சொல்லுங்கள், பூட்டினதைப் பார்ப்பது ஒரு சீக்கா? நான் ராத்திரி தூங்குவதும், மூன்று கடிகாரமும் மூன்று நேரம் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் அவள் குணமான சந்தோஷத்தில் வந்தது. அவள் குணமானது நான் தூங்கினதில் என்கிறாள். நான் தூங்கினது மாத்திரையில் என்கிறாள். எட்டாவது படித்தவனுக்கு இவ்வளவு சுற்றுக் கணக்கு வராது. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறாள். போட்டேனா இல்லையா என்று ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்காமல் ஒருத்திக்கு எப்படித்தான் தூக்கம் வருமோ!

இன்றைக்கு நான் வந்தது, மீதி மாத்திரையை டாக்டரம்மா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐயாவுக்கு இது தேவையில்லை என்று அவர் வாயால் கேட்டுக்கொண்டு போகத்தான். அவராகப் பார்த்து இன்னும் முப்பது எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்று எதிர்த்துப் பேச மாட்டேன், அது மரியாதை இல்லை. திருப்பிக் கொடுக்கத்தானே, அடுத்த செவ்வாய் போனால் ஆகாதா என்று சம்பூரணம் காலையில் கேட்டாள். ஆகாது என்று முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் இருந்தது பதினொன்று. நேற்றோடு ஒன்பது இரவு. என் சட்டைப்பையில் இப்போது இருப்பது இரண்டு.